காயா வேர்விடும் மண்

வால்பாறை
12-1-1954

அன்புள்ள சரோஜம் அக்காவுக்கு, தங்கை புஷ்பபாய் தோத்திரம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்களுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என்று அவர் ஒருவர்தான் இருப்பதால் கிறிஸ்துமசுக்கும் லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் வரலாம் என்றார். எனக்குத்தான் பிள்ளையை விட்டுவிட்டு வர மனசில்லை.

போன ஜூலையில் பிள்ளையை அடக்கம்செய்த சரிவைப் பற்றித்தான் எழுதவேண்டும். கல் வைக்கக் கம்பெனி விடாது. நாங்கள் நட்ட மரச்சிலுவை மழையில் ஊறி, கரையான் தின்று, சாய்ந்துவிட்டது. அந்தச் சரிவிலும் தேயிலை வைக்கப்போகிறார்களாம். பூச்செடி நிற்கிற குழியை மட்டும் துரை தொடமாட்டாராம். முன்பு ஒரு கங்காணியின் மனைவி குழிமேல் அரளி நின்றதால் அதைச் சுற்றித்தான் தேயிலை வைத்தார்கள்.

எனக்கு அரளி வேண்டாம் அக்கா. அம்மா அப்பா கல்லறைத் தலைமாட்டில் நிற்கிற காயாச்செடி வேண்டும். நீலமாகப் பூத்தால் எந்த மழையிலும் நான் அடையாளம் கண்டுபிடிப்பேன். கொஞ்சம் விதை அனுப்புங்கள்.

இங்கே பேச யாரும் இல்லை. அவர் இரவு வந்தால் தூங்கிவிடுகிறார். பதில் சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
புஷ்பபாய்


பாறசாலை
3-2-1954

என் மக்கா புஷ்பத்துக்கு, ஆண்டவர் உன்னைத் தேற்றுவாராக. என் மூச்சிரைப்புக்கு ஒரு குறைவும் இல்லை, என்னோடு சந்தோஷமாக இருக்கிறது.

காயாவுக்கு இப்போதுதான் மொட்டு. இனி பூத்து, காய்த்து, பழுத்துக் கறுக்கவேண்டும். அதற்கு ஜூன் ஆகிவிடும். பழைய விதை முளைக்காது; பழம் பறித்த கையோடு மண்ணில் போடவேண்டும். பழத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டாம். அதைத் தின்று நாக்கு கறுத்து, கோயிலில் பாட்டு பாட வாயைத் திறந்து சபை ஐயரிடம் மாட்டிக்கொண்டவள்தானே நீ.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. காயாவுக்கு நல்ல மண் ஆகாது. நம் பாறையில் வெட்டுக்கல் இடுக்கில், எருவும் இல்லாமல் நனைத்தண்ணீரும் இல்லாமல், வெயிலைத் தின்று நிற்கிறது. மழை கொட்டினாலும் நாழிகைக்குள் தண்ணீர் வடிந்துவிடவேண்டும். உங்கள் மலையில் வருஷம் பாதியும் மழை, மீதி மஞ்சு என்கிறாய். எனக்கு நம்பிக்கை குறைவுதான். ஆனாலும் அனுப்புகிறேன்.

இங்கே எங்கே பார்த்தாலும் கூட்டம், கொடி. தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி, விடமாட்டோம் என்று ஒரு கட்சி. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்துகொண்டு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற என்னைப் பார்த்து இரண்டு பக்கமும் முறைக்கிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதானே. நீ வேளாவேளைக்குக் கஞ்சி குடி.

அக்கா,
சரோஜம்


பாறசாலை
19-6-1954

அன்புள்ள புஷ்பத்துக்கு வாழ்த்துதல். நான் சுகம். நீ மெலிந்துவிட்டாய் என்று உன் கடிதத்தின் எழுத்தே சொல்கிறது.

பழம் பறித்தேன். கொண்டைக்குருவிகள் எனக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிட்டன, மிச்சம்தான் கிடைத்தது. ஓவல்டின் டப்பாவில் நம் பாறைச் செம்மண்ணை ஈரமாக்கி விதைகளைப் புதைத்து அனுப்பியிருக்கிறேன். டப்பா வந்த அன்றே நடு. குழியில் சரளைக்கல் போட்டு, மேலே இந்தச் செம்மண்ணைப் போடு. சாணம் போடாதே, கஞ்சித்தண்ணீர் ஊற்றாதே. பிள்ளைமேல் இருக்கிற ஆசையைச் செடிமேல் காட்டாதே. அதை நீ கவனிக்காமல் விடுவதுதான் அதற்குக் கவனிப்பு.

மழைக்கு மேலே ஓலைப்பந்தல் போடச் சத்தியராஜிடம் சொல். மருந்து கலக்குகிற கைக்கு ஓலை கட்டத் தெரியாது என்று சொன்னால் நான் சொன்னதாகச் சொல்லு, பரீட்சையில் தோற்றார் என்று.

உன் அக்கா,
சரோஜம்


வால்பாறை
2-8-1954

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். அவருக்கு இருமல், எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சுகமா?

விதைகள் அழுகிவிட்டன. நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். சரளை போட்டேன், பந்தல் போட்டார். பந்தலைக் காற்று கொண்டுபோனது. ஒரு விதை மட்டும் வெடித்து வெள்ளையாக மூக்கை நீட்டியது. அன்று முழுவதும் அந்தச் சரிவில் குடையோடு உட்கார்ந்திருந்தேன் அக்கா. பக்கத்து லயத்தில் குடியிருக்கிற கூலிப் பெண்கள் பார்த்துவிட்டு, கம்பவுண்டர் வீட்டம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பேசினார்கள். பிறகு பெய்த மழையில் அதையும் காணவில்லை.

இனி விதை வேண்டாம். வளர்ந்த செடியாகக் கொண்டுவாருங்கள். நீங்களே கொண்டுவாருங்கள். நான் கலியாணமாகி வந்த நாளிலிருந்து நீங்கள் இந்த மலை ஏறவில்லை. பிள்ளை கிடக்கிற இடத்தை என் ஆட்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. ஓணம் லீவுக்கு வருவேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

புஷ்பபாய்


பாறசாலை
24-10-1954

புஷ்பத்துக்கு வாழ்த்துதல். சுகம்.

வர முடியவில்லை. செடியும் அனுப்ப முடியவில்லை. பள்ளிக்கூட வேலை அதிகம். எழுதத் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கையில் கொஞ்சம் வலி, எழுத்து கோணியிருக்கும். பயப்படாதே.

மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது பத்திரிகையில் படித்திருப்பாய். நம் பக்கம் அமைதிதான். கர்த்தர் காப்பார்.

சரோஜம்


வால்பாறை
15-12-1954

அக்காவுக்கு,

உங்களுக்கு நான் எழுதியதும் நீங்கள் எனக்கு எழுதியதும் இன்று எடுத்துப் பார்த்தேன். கூப்பிட்டு, காத்திருந்து, இரண்டரை மாதம் கழித்து எனக்குக் கிடைத்தது நாலு வரி. பள்ளிக்கூட வேலையாம். ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் உண்டா?

அம்மா இறந்தபிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். அதனால்தான் கேட்டேன். என் பிள்ளை உங்கள் கண்ணில் பட்டதில்லை, அதனால் உங்களுக்கு அது பிள்ளையாகத் தெரியவில்லை. பரவாயில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

புஷ்பபாய்


வால்பாறை
20-2-1955

என் அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சம்பளச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவருகிற ஒருவர், நார்பர்ட் என்று பேர், நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேச்சைக் கேட்டதுமே நம் ஊர்ப்பக்கம் என்று தெரிந்தது. காஞ்சிரங்குளம் கடற்கரையாம். பாறசாலை என்றதும் அவர் சொன்னார்: “பாறசாலையா? அங்க ஒரு டீச்சரம்மாவப் போலீசுகாரன் பஸ்ஸுல இருந்து இறக்கினான். நானும் அந்த பஸ்ஸுல உண்டும். ஒரு ஓலக் கடவத்துல செடி வச்சிருந்தாங்க. அதத் தடியால குத்தி ஒடச்சு, அவங்க கையிலயும் அடிச்சான். பாவம், வால்பாறைல தங்கச்சி இருக்குன்னு கரஞ்சு அழுதாங்க.”

டிசம்பரில் நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப்போடுங்கள் அக்கா. படித்திருக்கவேண்டாமே. நீங்கள் ஏன் சொல்லவில்லை? கை எப்படி இருக்கிறது? உடனே எழுதுங்கள்.

உங்கள் புஷ்பம்


பாறசாலை
12-4-1955

என் மக்கா புஷ்பத்துக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய சமாதானம் உண்டாவதாக.

கருவாட்டுக்காரருக்கு வாய் நீளம். போகட்டும், சொல்கிறேன்.

ஓணத்துக்கு முந்தின வாரம் அம்மா தலைமாட்டுக் காயாவின் கீழே நின்ற கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முழங்கால் உயரம். முழங்கால் உயரம் வர அது எத்தனை வருஷம் எடுத்ததோ, நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே அங்கே நின்றது. மண்ணை உதறினால் செத்துவிடும் என்பதால் வேரைப் பிடித்திருந்த வெட்டுக்கல்லோடு சேர்த்து உளியால் கொத்தி எடுத்தேன். பனையோலைக் கடவத்தில் வைத்துச் சாக்கால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

துப்பாக்கிச் சூடு நடந்த சூடு ஆறாத நேரம். வழியில் நிறுத்திச் சோதித்தார்கள். ஒரு போலீஸ்காரன் கடவத்தைத் தட்டி, “இதினகத்து எந்தா?” என்றான்.

“செடியாக்கும். கண்ணு தெரியல்லியா?” என்றேன். என் வாய் உனக்குத் தெரியும்.

“அடியிலு எந்தா?”

“கல்லும் மண்ணும்.”

போராட்ட நோட்டீசுகளை எதில் எல்லாமோ ஒளித்துக் கொண்டுபோகிறார்கள் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தமிழ் டீச்சர், மடியில் கனம், கேட்டால் முறைத்துப் பேசுகிறாள். அவன் பார்வையில் அது போதும். தடியை மண்ணுக்குள் குத்தினான். கல் விண்டது. “எலே, வேரு!” என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் பொத்தினேன். அடுத்த அடி மணிக்கட்டில் விழுந்தது. சாயங்காலம்வரை உட்கார்த்திவைத்து, மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை என்று கண்டு அனுப்பினார்கள். விசாரணை முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

செடியைத் திரும்பக் கொண்டுவந்து பழைய குழியிலேயே வைத்தேன். இலையை ஒவ்வொன்றாக உதிர்த்து, பிறகு காய்ந்துவிட்டது. அது கிளம்பின இடத்திலும் அதற்குத் திரும்ப இடம் கிடைக்கவில்லை.

உன்னிடம் சொல்லாதது, உனக்கு ஏற்கெனவே ஒரு அழுகை இருக்கிறது, அதன்மேல் என்னுடையதையும் ஏன் ஏற்றவேண்டும் என்றுதான். உன் டிசம்பர் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ கோபப்பட்டாவது எழுதினாயே.

கை கோணலாகக் கூடிவிட்டது. தலை பின்ன வராது. பக்கத்து வீட்டு விஜயம்மா வந்து பின்னிவிடுகிறாள். அவள் வராத நாள் நான் யார் முகத்திலும் விழிப்பதில்லை. பள்ளிக்கூடமும் இல்லாமல் இந்த வீட்டில் பகல் நீளமாக இருக்கிறது மக்கா. நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அக்கா


வால்பாறை
18-6-1955

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன். வழியில் தொந்தரவு ஒன்றும் இல்லை.

நான் உங்கள் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் இங்கே மழை முந்திவிட்டது. மழை விழுந்ததும் சரிவு முழுவதும் தேயிலை நட்டுவிட்டார்கள். அவர் லயத்தில் வாந்திபேதி என்று இரவும் பகலும் அங்கேயே கிடந்திருக்கிறார். மேலே போய்ப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

வரிவரியாகக் கன்று நிற்கிறது. எல்லாம் ஒரே உயரம். எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை அக்கா. நான் பெற்றவள், எனக்குத் தெரியவில்லை.

முகத்தைத் திருப்பினால் நட்டுவிடுவார்கள் என்று எனக்கு எப்போதும் பயம் இருந்தது. நான் வந்திருக்கக்கூடாது. இனி எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

புஷ்பபாய்


பாறசாலை
18-11-1956

என் அன்புள்ள புஷ்பத்துக்கு அக்கா எழுதுவது.

எழுதவேண்டாம் என்றாய், எழுதினேன். மூன்று கடிதத்துக்குப் பதில் இல்லை. இது நாலாவது. சத்தியராஜுக்கும் உனக்கும் சுகம் என்று நார்பர்ட் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன்; அந்த நீள வாயை இப்போது நானே தேடிப்போய்க் கேட்கிறேன்.

எல்லை கிழித்தாகிவிட்டது. விளவங்கோடுவரை சென்னை ராஜ்யம், நாம் கேரளம். களியக்காவிளையில் மீன் வாங்கினால் மீன் ஒரு ராஜ்யம், அடுப்பு ஒரு ராஜ்யம். என்னைப் பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வேலைக்கு எழுதிப்போடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மா அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவது என்று இருந்துவிட்டேன். பிள்ளையை விட்டு வரமாட்டேன் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

அப்படிப்பட்ட உன்னை நான்தான் வா வா என்று கூப்பிட்டேன். என் தனிமை பொறுக்காமல் கூப்பிட்டேன். அதற்கு நீ கொடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டால் தீராது, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது ஒன்று தோன்றுகிறது. காயாவை அங்கே கொண்டுவர இவ்வளவு பாடுபட்டோம். அது வராது. பாறையில் பிறந்தது பாறையைத்தான் கேட்கும். நாம் அதை மாற்றிச் செய்திருக்கலாம். அந்தச் சரிவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து நார்பர்ட் கையில் கொடுத்துவிடு. அம்மா தலைமாட்டில் வைக்கிறேன். உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியலில் கல்லறையில் நம் சபையார் ஒவ்வொரு குடும்பத்து ஆட்களின் பேரையும் சொல்வதும், எல்லாரும் சேர்ந்து “எழும்புவார்” என்று மறுமொழி சொல்வதும் உனக்குத் தெரியும். அம்மா, அப்பாவுக்குப் பிறகு உன் பிள்ளை பேரையும் நான் சொல்வேன். என்ன பேர் சொல்லவேண்டும் என்று மட்டும் எழுது.

அக்கா,
சரோஜம்


வால்பாறை
9-3-1957

அன்புள்ள அக்காவுக்குத் தோத்திரம். உங்கள் நாலு கடிதத்தையும் படித்தேன். ஒன்றையும் எறியவில்லை. கை எப்படி இருக்கிறது?

நேற்று நாங்கள் இருவரும் சரிவுக்குப் போனோம். தேயிலை இடுப்புக்கு வருகிறது. அவர் ஓர் இடத்தைக் காட்டி இதுதான் என்றார். நான் வேறு ஓர் இடத்தைக் காட்டினேன். கொஞ்சநேரம் வாதாடினோம். அதற்குப் பிறகு அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை அக்கா. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு பிடி எடுத்துச் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

பேர் கேட்டீர்கள். பாதை இடிந்து கிடந்ததால் ஐயர் மேலே வர முடியவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் பேரும் இடவில்லை. நான் மட்டும் மனசுக்குள் ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போதும் கூப்பிடுகிறேன். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் புஷ்பம்


பாறசாலை
22-4-1957

என் மக்கா புஷ்பத்துக்கும் சத்தியராஜுக்கும் உயிர்த்தெழுந்தவரின் சமாதானம். நான் சுகம். உண்மையாகவே சுகம்.

நார்பர்ட் மண்ணைப் பத்திரமாகக் கொண்டுவந்தார். கருவாட்டு வாசனை கொஞ்சம் உண்டு, பொறுத்துக்கொள். எருக்குழி மண் மாதிரி கறுப்பாக இருந்தது. வேரில் போட்டால் காயாவுக்கு ஆகாது என்பதால் அம்மா குழிக்குப் பக்கத்தில் பாறை வெடித்த இடுக்கில் வைத்து, மேலே செம்மண்ணால் மூடினேன். அவன் எந்தப் பிடியில் இருந்தாலும் சரி. தேடின இரண்டு பேருடைய கையும் அதில் பட்டிருக்கிறது.

நேற்று விடியலில் கல்லறைக்குப் போனோம். காயா பூத்திருந்தது. கம்பில் ஒட்டினாற்போல, இலையைவிடப் பூ அதிகம். எங்கள் முறை வந்தது. அப்பா பேர் சொன்னேன், “எழும்புவார்” என்றார்கள். அம்மா பேர் சொன்னேன், “எழும்புவார்” என்றார்கள். பிறகு, “புஷ்பபாய் பெற்ற மகன்” என்றேன்.

ஜெபம் நடத்துகிற சபை உபதேசியார் ஈசாக் ஜெபப்புத்தகத்தை மூடிக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். “சரோஜம், இஞ்ஞ அடக்கம் இல்லாதவங்கள விளிக்கிற வழக்கம் இல்ல. ஞானஸ்நானமும் இல்லல்லா?” என்றார். நல்ல மனுஷன்தான், மெதுவாகத்தான் சொன்னார்.

“அடக்கம் அங்கதான். சொந்தம் இங்கயாக்கும்,” என்றேன். இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேட்கும்படி, “புஷ்பபாய் பெற்ற மகன்” என்றேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். உபதேசியார் முகத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். விஜயம்மா மட்டும் உதட்டை அசைத்தாள், பக்கத்தில் நின்ற மாமியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இத்தனை ஆட்களுக்கு நடுவில் நான் அவ்வளவு தனியாக நின்றதில்லை. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானே சொன்னேன், “எழும்புவான்” என்று.

பேர் சொன்ன வாயே மறுமொழியும் சொல்வது முறையில்லை மக்கா. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இனி நீ அங்கே காவல் இருக்கவேண்டியது ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம் இந்த விடியலுக்கு வந்துவிடு. உன் மனசில் இருக்கிற பேரை நீ எனக்கு எழுதவேண்டாம். இங்கே வந்து நின்று, வாயைத் திறந்து, நீயே சொல்லு. மறுமொழிக்கு நான் இருக்கிறேன்.

உன் அக்கா,
சரோஜம்